ஒரு மூட்டை அரிசியும் நாலு கம்பியும்

ராத்திரி பதினொன்றேகாலுக்கு எங்கள் வீட்டு பால்கனியில் 'படீர்' என்று ஒரு சத்தம். ஹாலில் படுத்திருந்த மாமியார் எழுந்து உட்கார்ந்து, "மாப்பிள்ளை, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒண்ணுமில்லை அத்தை, பிரிட்ஜ் போயிடுச்சு."

"ஐயையோ, இப்பத்தானே நாலு நாளைக்கு மாவு அரைச்சு வெச்சேன்!" என்று அவர் சமையலறைக்கு ஓடினார். மனைவி விழித்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினாள். மகள் மட்டும் நேராக பால்கனிக்கு வந்து, விளக்கைப் போட்டு, என் மடியைப் பார்த்து, "அப்பா, அது என்னோடது" என்றாள்.

அவளுடைய யுகுலேலேதான். கம்பிகளின் அடிமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கும் மரத்துண்டுக்குப் பெயர் பிரிட்ஜ். அது தன் இடத்தை விட்டுக் கிளம்பி வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் விழுந்திருந்தது. போகும்போது மேல்பலகையில் ஒரு சில்லையும் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது. நான்கு கம்பிகள் சுருண்டு என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தன.

நடந்தது இதுதான். மகள் கல்லூரி முதல் வருஷத்தில் ஆசைப்பட்டு வாங்கி, இரண்டாம் வருஷத்தில் மறந்துபோன வாத்தியம் அது. எங்கள் வீட்டில் அப்படி மறக்கப்பட்டவை எல்லாம் கடைசியில் என்னிடம் வந்து சேரும். அவளுடைய பழைய செல்போன், பழைய முதுகுப்பை, பழைய டி-ஷர்ட், இப்போது யுகுலேலே. ஐம்பத்திரண்டு வயதில் அதை எடுத்து மோகனம் வாசிக்கப் பழகினேன். ஸ்வரங்கள் வந்தன. கமகம் வரவில்லை. தோடிப் பக்கம் போகிற துணிச்சலெல்லாம் எனக்குக் கிடையாது. காந்தாரத்தை லேசாக ஒரு அசைப்பு அசைத்துப் பார்க்கலாம் என்றால், நைலான் கம்பி அதற்கும் மசியவில்லை. விரலால் எவ்வளவு இழுத்தாலும் தானும் கூடவே நீண்டு கொடுக்கிறது, சுருதி ஏற மாட்டேன் என்கிறது. எதைச் சொன்னாலும் "சரி சரி" என்று சொல்லிவிட்டு ஒன்றும் செய்யாத ஆள் மாதிரி. (வீட்டில் இந்த உவமையை யாருக்குச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும்.) எஃகுக் கம்பி அப்படியில்லை. ஒரு மில்லிமீட்டர் இழுத்தால் போதும், சுருதி எகிறும். ஆகவே கிடார் கம்பி ஒரு செட் வாங்கி வந்து, எல்லோரும் தூங்கியபின் பால்கனியில் உட்கார்ந்து, நான்கை மாட்டி முறுக்கினேன். செட்டில் ஆறு கம்பி, நாலு போக இரண்டு மிச்சம் என்று சந்தோஷம் வேறு.

மகள் மெக்கானிக்கல் படிக்கிறாள். மறுநாள் காலை காலண்டரில் தேதி கிழித்த தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினாள். கம்பியின் நீளம், தடிமன், எந்தச் சுருதியில் நிற்க வேண்டும், எஃகின் அடர்த்தி எல்லாம் போட்டால் ஒரு கம்பிக்குச் சுமார் 6 கிலோ இழுப்பு வருகிறது.

"நாலு கம்பிக்கு எவ்வளவுப்பா?"

"இருபத்துநாலு."

"நம்ம வீட்டு அரிசி மூட்டை எவ்வளவு?"

"இருபத்தஞ்சு."

"அந்த மூட்டையை ரெண்டு மில்லிமீட்டர் பலகையில, கோந்து போட்டு ஒட்டின ஒரு குச்சியில மாட்டியிருக்கீங்க."

நைலானுக்கென்று இழைத்த உடம்பு அது. எஃகுக் கம்பி வேண்டுமானால் எஃகுக் கம்பிக்கென்றே செய்த வாத்தியம் வேண்டும். வயிறு குடைவாக இல்லாமல் ஒரே பலகையாக இருக்கிற, மின்சாரத்தில் வேலை செய்கிற யுகுலேலே. உடைந்ததைப் பார்த்துத் துக்கப்பட வேண்டியவன், அப்படி ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று தெரிந்ததும் உள்ளுக்குள் குதித்தேன்.

மனைவியிடம் விஷயத்தைக் கொண்டுபோவதற்கு முன் வீட்டின் பொருளாதார வரலாற்றைச் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கினேன். இப்போது அதில் துண்டு காய்கிறது. சப்பாத்தி செய்யும் மெஷின் ஒன்று வாங்கினேன். அது அப்பளம் செய்தது. கீபோர்டு ஒன்று வாங்கினேன், அதன் அட்டைப்பெட்டி மட்டும் கொலுப் படிக்கு உபயோகமாக இருக்கிறது. இந்தப் பின்னணியில் நான் நேரடியாகக் கேட்க முடியாது. சாமர்த்தியமாகத்தான் ஆரம்பித்தேன்.

"இதோட பெரிய விசேஷம் என்னன்னா, சத்தமே வராது."

மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். எங்கள் திருமண வாழ்க்கையில் என் யோசனை ஒன்றுக்கு அவள் கத்தியைக் கீழே வைத்துக் காது கொடுத்தது அதுதான் முதல்முறை.

"வாத்தியம்னீங்க?"

"வாத்தியம்தான். குடைவு இல்லாததால பக்கத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்காது. ஹெட்போன் மாட்டிக்கிட்டா எனக்கு மட்டும் கேக்கும். கீழ் வீட்டு சார் படியேறி வரவே மாட்டார்."

அவள் நீண்ட நேரம் யோசித்தாள். நான் வாசித்தும் அவளுக்குக் கேட்காத ஒரு வாழ்க்கை அவள் கண்முன் விரிந்திருக்க வேண்டும். "பன்னெண்டாயிரம்" என்றாள். "சீட்டுப் பணத்துல கிரைண்டருக்கு எடுத்து வெச்சது. அதுக்குமேல ஒரு ரூபா போனாலும் எனக்குத் தெரியாம போகக்கூடாது."

முதலில் கடைகளுக்குப் போனேன். அண்ணா சாலைப் பக்கம் ஒரு வாத்தியக் கடையில், "எலெக்ட்ரிக் யுகுலேலே இருக்கா தம்பி?" என்றேன். "நிறைய இருக்கு சார்" என்று வரிசையாக எடுத்து வைத்தார். இங்கேதான் நான் முதல் பாடம் படித்தேன். எலெக்ட்ரிக் என்று சொல்லி உலகத்தில் விற்கும் யுகுலேலேக்களில் பெரும்பாலானவற்றுக்கு நைலான் கம்பிதான். அவற்றுக்குள் இருப்பது பியெஸோ. கேஸ் அடுப்பு பற்றவைக்கும் லைட்டரை அழுத்தினால் பொறி பறக்கிறதே, அதே சமாசாரம்: அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு படிகம். கம்பி அதிர்வதை அது அழுத்தமாக உணர்ந்து மின்சாரமாக மாற்றிவிடும். கம்பி நைலானா எஃகா என்று அதற்குக் கவலை இல்லை. இதை மனைவிக்கு விளக்கியபோது, "அப்ப லைட்டரையே வாசிங்களேன்" என்றாள்.

எனக்கு வேண்டியது காந்தப் பிக்அப். காந்தத்தைச் சுற்றி முடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய சுருள். அதன் மேல் இரும்பு சம்பந்தப்பட்ட ஏதாவது அசைந்தால்தான் அதற்கு உயிர் வரும். நைலான் கம்பியை அதன் தலைமேல் நாள் முழுக்க மீட்டினாலும் அது திரும்பிப் பார்க்காது. கடைக்காரத் தம்பி ஒவ்வொன்றையும் காட்டி, "இது ஸ்டீல்தான் சார்" என்றார். கண்ணால் பார்த்தால் எனக்கு வித்தியாசம் தெரியாது. ஆகவே மறுநாள் வீட்டு ஃப்ரிட்ஜில் கரண்ட் பில்லைப் பிடித்துக்கொண்டிருந்த, பழனி முருகன் படம் போட்ட காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். ஒவ்வொரு வாத்தியமாக எடுத்துக் கம்பிமேல் முருகனை வைத்தேன். முருகன் எதிலும் நிற்கவில்லை. ஒன்றில் நான்காவது கம்பி பளபளவென்று உலோகமாகவே இருந்தது. "பாருங்க சார்!" என்றார் தம்பி. அதிலும் ஒட்டவில்லை. அது உள்ளே நைலான் இழை, மேலே வெள்ளிமுலாம் பூசிய செம்புக் கம்பி சுற்றியது. செம்பைக் காந்தம் தொடாது. கடையில் இருந்த இன்னொரு வாடிக்கையாளர், நான் வாத்தியத்துக்கு வாத்தியம் முருகனை வைத்துக் கண்ணை மூடுவதைப் பார்த்துவிட்டு, "வாங்கறதுக்கு முன்னாடி உத்தரவு கேக்கறீங்களா சார்?" என்று பயபக்தியுடன் விசாரித்தார்.

வடிவத்தை நம்பியும் பிரயோஜனமில்லை. எபிஃபோன் கம்பெனி தன் புகழ்பெற்ற லெஸ் பால் கிடாரின் வடிவத்திலேயே ஒரு யுகுலேலே விட்டிருக்கிறது. பார்த்தால் ராக் மேடைக்குப் போகிற ஆள் மாதிரி இருக்கும். உள்ளே குடைவு, மேலே நைலான், கம்பிகள் உட்காரும் சேடிலுக்கு அடியில் பியெஸோ. நல்ல வாத்தியம்தான், ஆனால் நான் தேடும் ஜாதி அல்ல. என் ஜாதியைச் செய்பவர்கள் சொற்பம். ஜெர்மனியில் ரிசா என்றொரு கம்பெனி, வோர்சன் என்று இன்னொன்று, அங்கங்கே சில தனி ஆசாரிகள். நங்கநல்லூரிலிருந்து இவர்கள் யாருமே பஸ் தூரத்தில் இல்லை.

இவ்வளவு அரிதாக ஏன் இருக்கிறது என்று யோசித்தால் ஆச்சரியம்தான். யுகுலேலேயும் மின்சார கிடாரும் கிட்டத்தட்ட ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1879 ஆகஸ்டில் ராவன்ஸ்கிராக் என்ற கப்பலில், போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்து நானூற்றுச் சொச்சம் பேர் ஹவாய்க்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கினார்கள். அவர்களோடு போன மரவேலைக்காரர்கள் மூன்று பேர், மானுவல் நூனெஸ், அகஸ்டோ டயஸ், ஜோஸே டோ எஸ்பிரிட்டோ சான்டோ, தங்கள் ஊர்ச் சின்ன நாலு கம்பி வாத்தியத்தை ஹவாய் மரத்தில் செய்ய ஆரம்பித்தார்கள். அதுதான் யுகுலேலே ஆயிற்று. (அதே 1879-ல்தான் இந்தியாவிலிருந்தும் கரும்பு வெட்ட ஃபிஜிக்கு முதல் கப்பல் போனது. நம்மவர்கள் போன கதை வேறு.) பிறகு 1932 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸில் ரிக்கன்பேக்கர் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த மின்சார கிடாரும் ஹவாய்ச் சங்கீதத்துக்காகச் செய்ததுதான். மடியில் படுக்க வைத்து, கம்பிமேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிப்பது. வார்ப்பு அலுமினியத்தில், வட்ட உடம்பும் நீளக் கைப்பிடியுமாக இருந்ததால் அதற்கு 'ஃப்ரையிங் பேன்' என்றே பெயர் வந்துவிட்டது. அந்தக் கம்பி எஃகு. ஆகவே காந்தம் அதைப் பிடித்துக்கொண்டது. யுகுலேலேக்கு அப்போது ஆட்டுக்குடல் நரம்பு, பிறகு நைலான். மின்சாரம் அண்ணன் வீட்டோடு நின்றுவிட்டது.

இதையெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். "கரும்பு வெட்டப் போன இடத்துலயும் வாத்தியத்தை விடலை பாரு" என்று முடித்தேன்.

"அவங்க வேலைக்குப் போனாங்க" என்றாள் மனைவி. மாமியாருக்கு அலுமினிய வாணலி மட்டும் காதில் விழுந்தது. "அதுல புளிக்குழம்பு வைக்கக்கூடாது" என்றார்.

கடைசி ஆயுதமாக மாண்டலின் ஸ்ரீநிவாஸை எடுத்தேன். இரட்டை இரட்டையாக எட்டுக் கம்பி கொண்ட மேல்நாட்டு வாத்தியத்தை எடுத்து, ஒற்றைக் கம்பிகளாகக் குறைத்து, மின்சாரம் ஏற்றி, அதில் கமகம் சொட்டச் சொட்டக் கர்நாடக சங்கீதம் வாசித்துக் காட்டியவர் இல்லையா? நான் கேட்பதும் அதேதானே? நாலு ஒற்றை எஃகுக் கம்பி, ஒரு பலகை, ஒரு காந்தம்.

"அவர் மெட்ராஸ்ல முதல்ல வாசிச்சப்ப என்ன வயசு?"

"1981 சீசன். பன்னெண்டு."

"உங்களுக்கு?"

நான் ரசத்தைக் கவனித்தேன்.

அளவு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. சோப்ரானோ யுகுலேலேயில் கம்பியின் அதிரும் நீளம் சுமார் 13 அங்குலம், கான்சர்ட்டில் 15, டெனரில் 17, பாரிடோனில் 19. மேலே போகப் போகக் கழுத்தில் பதித்திருக்கும் கட்டைகள் நெருங்கிக்கொண்டே வரும். சோப்ரானோவில் பதினோராவது கட்டைக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர்தான் இருக்கிறது. என் கல்யாண மோதிரம் 2004-லேயே விரலை விட்டு பீரோவுக்குக் குடிபோய்விட்டது. ஆகவே டெனர். அதில் கமகத்துக்கும் கொஞ்சம் இடம் இருக்கும். இன்னொன்றும் பார்க்க வேண்டும்: எஃகுக் கம்பியைக் கட்டையில் அழுத்தும்போதே சுருதி சற்று ஏறிவிடுகிறது, அதுவும் கம்பிக்குக் கம்பி வேறு அளவில். அதைச் சரிக்கட்ட, ஒவ்வொரு கம்பியின் சேடிலையும் தனித்தனியாகத் திருப்புளியால் முன்னும் பின்னும் நகர்த்த வசதி வேண்டும். விலையைக் குறைக்கிறேன் என்று ஒரே எலும்புத் துண்டை வைத்துவிட்டால், கீழ்க்கட்டைகளில் மோகனமாக இருப்பது மேலே போகும்போது பெயர் வைக்காத ராகமாகிவிடும். திறந்த கம்பியின் சுருதியும் பன்னிரண்டாம் கட்டையில் அழுத்தின சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி விலகியிருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் எந்த மலிவு வாத்தியத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். இந்த ஒரு வரியை நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். காசு கொடுக்கும் கட்டம்தான் வரவில்லை.

நாலாவது கம்பியை எப்படி வைப்பது என்பதில் எனக்கும் எனக்குமே மூன்று வாரம் சண்டை. யுகுலேலே மரபுப்படி முகவாய்க்குப் பக்கத்தில் இருக்கும் கம்பி தடித்த குரலில் பேசாது. ஜி, சி, இ, ஏ என்று வைக்கும்போது அந்த ஜி, கடைசியில் இருக்கும் ஏ-வுக்கு ஒரே ஒரு ஸ்வரம் கீழே. வீட்டுக்கு மூத்தவர் கடைக்குட்டியின் குரலில் பேசுகிற மாதிரி. அந்த வாத்தியத்தின் அந்தத் துள்ளலே இதனால்தான் வருகிறது. ஆனால் ராகம் வாசிக்கிறவனுக்கு மந்திர ஸ்தாயியில் இறங்க இடம் வேண்டும். ஆகவே கீழ் ஸ்தாயி ஜி. அதற்கு யுகுலேலேக் கம்பி தேடி அலைய வேண்டியதில்லை; கிடார் செட்டிலேயே மேல் நாலு கம்பிகள் இந்த வேலைக்குப் பொருந்தும். இந்தக் கடைசி வாக்கியத்தை நான் என் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதி வைத்திருந்தேன். எழுதினவனுக்கு அதன் அர்த்தம் புரியவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

விலைக்கு வருவோம். வெளிநாட்டில் நான் பார்த்துவைத்த ஒன்று நம் காசுக்கு ஒன்பதாயிரம். மனைவியின் வரம்புக்குள் மூவாயிரம் மிச்சம்! அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் கணக்கு விரிந்தது. பொருளின் விலை, அதன் மேல் கூரியர், இரண்டும் சேர்ந்த தொகைக்குச் சுங்கவரி, அந்த வரியையும் சேர்த்த தொகைக்கு ஜிஎஸ்டி. பொடிமாஸுக்கு வெங்காயம் போலக் கூடை கூடையாகப் போட்டுக்கொண்டே போனால் கடைசியில் உருளைக்கிழங்கைக் காணோம். பதினெட்டாயிரத்தைத் தொட்டது.

மச்சினன் கை கொடுத்தான். "மாமா, என் ஃப்ரெண்டு சிங்கப்பூர்லேருந்து வர்றான். கையோட எடுத்துட்டு வரச் சொல்றேன்." ஒரு மாதம் நானும் அந்த முகம் தெரியாத நண்பரின் விமானத்தை எதிர்பார்த்துக் கிடந்தேன். வந்தார். பெட்டியில் இடமில்லையாம். எனக்கென்று கோடாலித் தைலம் ஆறு பாட்டில் கொடுத்தனுப்பியிருந்தார். வாத்தியத்தை நினைத்து வந்த தலைவலிக்கு அதைத்தான் தடவிக்கொண்டேன்.

பிறகுதான் எனக்கு அந்த ஞானம் உதித்தது. குடைவே இல்லாத வாத்தியம் என்றால் என்ன? பலகை! பலகை அறுக்க ஜெர்மனி எதற்கு? எங்கள் தெருவில் பரண் அடித்துக் கொடுத்த தச்சர் இருக்கிறாரே. படம் வரைந்து எடுத்துக்கொண்டு போனேன். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, "பலகைதானே சார், பழைய கதவு வேங்கை இருக்கு. சன்மைக்கா ஒட்டணுமா?" என்றார்.

வேண்டாம் என்றேன். கட்டைகள் எங்கெங்கே வர வேண்டும் என்று விளக்கினேன். மொத்த நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் முதல் கட்டையின் தூரம் வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது. 17 அங்குலத்துக்கு முதல் கட்டை 24 மில்லிமீட்டரில், அடுத்தது அதை விடக் குறைவாக, அதற்கடுத்தது இன்னும் குறைவாக. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏன் சார் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசுன்னு? எல்லாத்தையும் ஒரே அளவா போட்டுடலாம். பாக்கறதுக்கும் நல்லா இருக்கும்" என்றார். முப்பது வருஷமாக ஷெல்ஃப் அடிக்கிறவர். அவர் நியாயம் அவருக்கு. அந்த வேங்கைப் பலகை இப்போது எங்கள் வீட்டில் செருப்பு ஸ்டாண்டாக இருக்கிறது. சம அளவுதான், பார்க்க நன்றாகவே இருக்கிறது.

இப்படியே நாலு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கலுக்காகப் பரணை ஒழித்தோம். ஒட்டடைக்கு நடுவே மச்சினனின் மின்சார கிடார் இறங்கியது. 2009-ல் கல்யாணம் ஆனதும் அவன் மனைவி கண்ணில் படாமல் இருக்க எங்கள் வீட்டில் கொண்டுவந்து போட்டது. ஒரே பலகை உடம்பு, காந்தப் பிக்அப், எஃகுக் கம்பி. அதைத் துணியால் துடைத்துச் சுவரில் சாய்த்துவிட்டு, டெனர் யுகுலேலேக்களின் படங்களைப் பார்க்க உட்கார்ந்தேன்.

மகள் தன் அறையிலிருந்து கிளிப் மாதிரி ஒன்றை எடுத்து வந்தாள். கேப்போ. கிடாரின் கழுத்தில் கட்டைக்கு மேல் மாட்டினால் எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்திக்கொண்டு நிற்கும்.

"அப்பா, கிடார்ல மெல்லிசு நாலு கம்பியும் என்ன சுருதி?"

"டி, ஜி, பி, இ."

"அஞ்சாவது கட்டையில அழுத்தினா?"

மனசுக்குள் எண்ணினேன். டி ஐந்து ஏறினால் ஜி. ஜி ஏறினால் சி. பி ஏறினால் இ. இ ஏறினால்...

"ஏ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் கேப்போவை ஐந்தாவது கட்டையில் 'டக்' என்று மாட்டி, நாலு கம்பியையும் ஒரு தடவை வருடினாள். ஜி, சி, இ, ஏ. கீழ் ஸ்தாயி ஜி. எஃகு. பலகை. காந்தம். கேப்போவுக்கு அந்தப் பக்கம் மீதியிருக்கும் கம்பி நீளம் 19 அங்குலம். நான் ஆசைப்பட்ட டெனரை விட இரண்டு அங்குலம் கூடுதல்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"பிரிட்ஜ் பறந்த அன்னைக்கே."

"நாலு மாசமா ஏம்மா சொல்லலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்கப்பா."

நான் அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்கவில்லை. இது கிடார், கழுத்து நீளம், கனம், யுகுலேலேயின் ஆத்மா இதில் இல்லை என்றெல்லாம் வாதாடினேன். மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "தோசைக்கல்லுலதான் சப்பாத்தியும் சுடறேன். சப்பாத்திக்குத் தனியா ஒரு கல் கேட்டேனா?" அந்த வாரமே சீட்டுப் பணம் கிரைண்டராக மாறி வீட்டுக்கு வந்தது. ஆயிரத்துச் சில்லறை மட்டும் எனக்கு ஒதுக்கினாள். அதில் கிடாரில் நேரடியாகச் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கினேன். தடித்த கம்பி இரண்டையும் கழற்றிவிட்டேன். விஷயம் தெரிந்து மச்சினன் போனில், "மாமா, அது என் இளமை" என்று தழுதழுத்தான். உன் இளமை பதினைந்து வருஷமாக என் பரணில்தானே இருந்தது என்று கேட்டுவிட்டேன்.

ஒரே ஒரு தொல்லை. கிடாரில் இருப்பது ஒற்றைச் சுருள் பிக்அப். அது கம்பியை மட்டும் கேட்பதில்லை, வீட்டு மின்சாரம் முழுவதையும் கேட்கிறது. டியூப்லைட் போட்டால் 'ங்ங்ங்', ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பினால் வேறொரு 'ங்ங்ங்', புது கிரைண்டர் ஓடினால் தனி ஆவர்த்தனம். இதற்கு மருந்தை 1955-ல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு சுருள், ஒன்றுக்கு ஒன்று எதிர்த்திசையில் சுற்று, காந்தமும் எதிரெதிர். இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும், கம்பியின் ஒலி மட்டும் மிஞ்சும். எங்கள் கல்யாணத்தில் அப்படித்தான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரெதிராக முணுமுணுத்ததில் முணுமுணுப்பு இரண்டும் கழிந்துபோய்க் கல்யாணம் மட்டும் மிஞ்சியது. இரட்டைச் சுருள் வாங்கும் நிலைமை இப்போது எனக்கு இல்லாததால், எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு இருட்டில் வாசிக்கிறேன்.

ராத்திரி பத்தரைக்கு மேல் ஹாலில் உட்காருவேன். தெருவிளக்கு வெளிச்சம் கொஞ்சம் ஜன்னல் வழியாக விழும். காதில் ஹெட்போன். மாமியாருக்கு அந்த நேரத்தில் தூக்கம் வராது. எதிரில் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குக் கம்பியின் 'டிக் டிக்' தவிர ஒன்றும் கேட்காது. என் விரல் நகர்வதைப் பார்த்தபடி தொடையில் தாளம் போடுவார். ஒரு அடி பிசகாது. பிசகுவது நான்தான். சில சமயம் தலையைக்கூட ஆட்டுவார். இருபத்தைந்து வருஷத்தில் எனக்கு வாய்த்த முதல் ரசிகர்.

போன வெள்ளிக்கிழமை மோகனத்தில் காந்தாரம் எனக்குத் திருப்தியாக அசைந்தது. நானே ஹெட்போனைக் கழற்றி அவர் காதில் மாட்டிவிட்டு, ஆரோகணத்திலிருந்து ஆரம்பித்து ஐந்து நிமிஷம் வாசித்தேன். முதல் நிமிஷத்திலேயே அவருடைய தாளம் நின்றுவிட்டது. முடித்ததும் அவர் ஹெட்போனை மெதுவாகக் கழற்றி, வயரைச் சுற்றி, என் கையில் கொடுத்தார்.

"இது மாட்டாம இருந்தப்ப நல்லா இருந்துச்சு மாப்பிள்ளை."